கம்ப்யூட்டருக்குள் ஒரு ரேடியேட்டர்

இறுதியாண்டு மாணவி, கணிப்பொறியியல் துறை



லாரிக்கு ரேடியேட்டர் உண்டு, பஸ்ஸுக்கு ரேடியேட்டர் உண்டு. கம்ப்யூட்டருக்கும் ரேடியேட்டர் உண்டு என்றால் நம் வீடுகளில் சிரிப்பார்கள். ஆனால் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும். கண்ணாடிக் கதவு போட்ட கேபினெட், உள்ளே கலர் கலராக விளக்கு, கறுப்பு ரப்பர் குழாய் இரண்டு, அந்தக் குழாயின் முனையில் சின்னதாக ஒரு ரேடியேட்டர். இதைத்தான் 'வாட்டர் கூலிங்' என்கிறார்கள். நம் வகுப்புகளில் கேம் ஆடுகிறவர்கள், வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் எல்லாரும் இதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

பேசுவதில் தவறில்லை. ஆனால் நம்மில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நானும் அப்படித்தான். வீட்டில் கம்ப்யூட்டர் என்று ஒன்று வாங்கினால் அது ஒரே தடவைதான். சீட்டுப் பணமோ, நகைக் கடனோ அதற்குள் போயிருக்கும். என் தோழி ஒருத்தியிடம் ஒரு கடையில், "வாட்டர் கூலிங் போட்டுட்டா ரூமை விட ஜில்லுன்னு ஓடும், ஏ.சி.யே வேணாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இது உண்மையா? இதைப் பார்க்க முதலாண்டு பௌதிகப் பாடமே போதும். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு நீர்க்குளிர்ப்பின் தத்துவம், பாகங்கள், கணக்கு, பராமரிப்பு ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கணிப்பொறியின் சிப் எந்த வேலையைச் செய்தாலும், அது உள்ளே வாங்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 65 வாட் வாங்கினால் 65 வாட் சூடு. 200 வாட் வாங்கினால் 200 வாட் சூடு. மோட்டார் சுற்றுவது போலவோ, பாரம் தூக்குவது போலவோ வேறு வழியில் அந்த சக்தி வெளியேறுவதில்லை.

200 வாட் என்பது பெரிய அளவா என்று கேட்கலாம். இஸ்திரிப் பெட்டி 1000 வாட். ஆனால் அதன் அடித்தகடு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். சக்தி வாய்ந்த ஒரு பிராசஸர் சிப்பின் பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர்தான். 200 வாட்டை 2-ஆல் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட். அதாவது இஸ்திரிப் பெட்டியைப் போல இருபது மடங்கு நெருக்கடி! ஆகவே நம் பிரச்சினை சூட்டின் அளவு மட்டுமல்ல, அது இவ்வளவு சின்ன இடத்தில் பிறக்கிறது என்பதும்தான். அந்தச் சூட்டை உடனே அங்கிருந்து அப்புறப்படுத்தாவிட்டால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் தாங்காவிட்டால் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிவிடும். பெரும்பாலான சிப்புகளுக்கு இந்த எல்லை 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை.

காற்றா, தண்ணீரா?

சாதாரண கேபினெட்டில் சிப்பின் மேல் ஒரு அலுமினிய அல்லது செம்புத் துடுப்புக் கட்டி இருக்கும். அதன்மேல் ஒரு ஃபேன். துடுப்புகள் சூட்டை வாங்கிப் பரப்புகின்றன, ஃபேன் காற்றை அடித்து வெளியேற்றுகிறது. இது காற்றுக் குளிர்ப்பு.

தண்ணீர் இங்கே ஏன் நுழைகிறது? இரண்டு எண்களைப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4180 ஜூல் வேண்டும். ஒரு கிலோ காற்றுக்கு 1005 ஜூல் போதும். இதில் நாலு மடங்கு வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1000 கிலோ, ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஒரு கிலோவும் சொச்சமும். எனவே ஒரே கன அளவுக்குக் கணக்கிட்டால், தண்ணீர் காற்றைப் போல மூவாயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேல் சூட்டைச் சுமக்கிறது. அதாவது சின்னக் குழாயில் ஓடும் கொஞ்சம் தண்ணீர், பெரிய காற்றோட்டத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

'சுமக்கிறது' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். என் அப்பா தண்ணீர் டேங்கர் லாரி ஓட்டுகிறார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நான் நோட்டில் இந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம லாரி ரேடியேட்டர்தானேம்மா" என்றார். பிறகு ஒரு வாக்கியம் சொன்னார்: "தண்ணி சூட்டைத் தூக்கிக்கினு போவும், அவ்ளோதான். எறக்கி வைக்க எடம் நீதான் காட்டணும்." வெப்பப் பரிமாற்றம் பற்றி மெக்கானிக்கல் நண்பர்களிடம் கடன் வாங்கிய நோட்டில் நாலு பக்கம் இருந்ததன் சாரம் இதுதான். தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்குகிறது.

பாகங்களும் அவற்றின் வேலையும்

1. வாட்டர் பிளாக்: சிப்பின் மேல் உட்காரும் செம்புக் கட்டி. உள்ளே தலைமுடி அளவு நெருக்கமான சின்னச் சின்ன வாய்க்கால்கள் இருக்கும். செம்பு சூட்டை நன்றாகக் கடத்துவதால் இங்கே சூடு தண்ணீரில் ஏறுகிறது. சிப்புக்கும் கட்டிக்கும் நடுவே காற்று இடைவெளி இல்லாதபடி தெர்மல் பேஸ்ட் தடவ வேண்டும். பட்டாணி அளவு போதும். அப்பளத்துக்கு எண்ணெய் தடவுவது போல அள்ளிப் பூசக்கூடாது.

2. பம்ப்: தண்ணீரைச் சுற்றிவர வைப்பது. தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடினால் சீக்கிரம் பழுதாகும்.

3. குழாய்கள்: ரப்பர் அல்லது பிளாஸ்டிக். ஒன்று போக, ஒன்று வர.

4. ரேடியேட்டர்: தட்டையான குழாய்களும் மெல்லிய துடுப்புகளும் கொண்டது. ஃபேன் இதன் வழியாகக் காற்றை அடிக்கிறது. சூடு இறங்கும் இடம் இதுதான். கடையில் '120', '240', '360' என்று சொல்வது, 120 மில்லிமீட்டர் ஃபேன் எத்தனை பொருத்தலாம் என்பதைக் காட்டும் நீளம்.

5. ரிசர்வாயர்: தண்ணீர் ஊற்றவும், காற்றுக் குமிழி பிரிந்து மேலே போகவும் உதவும் சின்னத் தொட்டி.

இதில் இரண்டு வகை உண்டு. எல்லாம் சேர்த்து கம்பெனியிலேயே தண்ணீர் நிரப்பி மூடி வருவது ஒன்று. இதில் பம்ப் பெரும்பாலும் வாட்டர் பிளாக்கோடு ஒட்டியே இருக்கும், தனி ரிசர்வாயர் இருக்காது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வாங்கி நாமே இணைப்பது மற்றொன்று. முதல் வகை சுலபம். இரண்டாவது வகை ஆர்வலர்களுக்கு. பார்க்க அழகு, பர்ஸுக்குப் பாரம்.

இந்த ஆர்வம் எப்படித் தொடங்கியது என்பது சுவையான விஷயம். 1990-களின் கடைசியில் வெளிநாடுகளில் சில மாணவர்களும் தொழில்நுட்ப ஆர்வலர்களும் சிப்பை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேலே ஓட்டிப் பார்த்தார்கள். சூடு தாங்கவில்லை. தனியாக விற்கும் பாகங்கள் அப்போது அவ்வளவாகக் கிடையாது. ஆகவே பழைய காரின் ஹீட்டர் ரேடியேட்டரையும், மீன்தொட்டி பம்பையும், செம்புக் கட்டியையும் வைத்துத் தாங்களே செய்துகொண்டார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் புதுப்பேட்டை ரேடியேட்டர், கொளத்தூர் மீன்தொட்டி பம்ப், ரிச்சி ஸ்ட்ரீட் மதர்போர்டு! பிறகுதான் கம்பெனிகள் இந்தப் பொருள்களைச் செய்ய வந்தன. 2004-ல் ஆப்பிள் நிறுவனம் தன் பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டரின் வேகமான ரகத்தைத் திரவக் குளிர்ப்போடே விற்றது.

ஒரு சின்னக் கணக்கு

சிப் 200 வாட் தருகிறது; பம்ப் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றால் விநாடிக்கு 0.0167 கிலோ. இதை 4180-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 70. 200-ஐ 70-ஆல் வகுத்தால் 2.9.

அதாவது வாட்டர் பிளாக்குக்குள் நுழைந்து வெளியே வரும் தண்ணீர் வெறும் 3 டிகிரிகூடச் சூடாவதில்லை! குழாயைத் தொட்டுப் பார்த்து, "ரெண்டு குழாயும் ஒரே சூடா இருக்கே, வேலை செய்யலையோ" என்று பயப்பட வேண்டாம். அதுதான் சரியான நிலை.

இதே 200 வாட்டை ரேடியேட்டரில் காற்று வாங்கிப் போக வேண்டும். காற்று 10 டிகிரி சூடாகலாம் என்று அனுமதித்தால், விநாடிக்கு ஏறக்குறைய 17 லிட்டர் காற்று வேண்டும். தண்ணீர் நிமிடத்துக்கு ஒரு லிட்டர், காற்று விநாடிக்கு 17 லிட்டர்! இதிலிருந்து என்ன தெரிகிறது? நீர்க்குளிர்ப்பு என்று பெயர் இருந்தாலும் கடைசி வேலையைச் செய்வது காற்றுதான். பெரிய பம்ப் போடுவதைவிடப் பெரிய ரேடியேட்டரும், அடைப்பில்லாத காற்றோட்டமும் முக்கியம். ரேடியேட்டரைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, "சூடு குறையவே இல்லை" என்றால் எப்படிக் குறையும்?

நம்ம ஊர் வெயிலும் ஒரு சூத்திரமும்

கீழ்க்கண்ட சூத்திரத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிப்பின் வெப்பநிலை = அறையின் வெப்பநிலை + (வாட் × வெப்பத்தடை)

மின்சாரத்துக்கு ஓம் விதி போல இது சூட்டுக்கு. வெப்பத்தடை என்பது ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்று சொல்லும் எண். கணக்குக்காக ஒரு நல்ல காற்றுக் கூலருக்கு 0.30 என்றும், நீர்க்குளிர்ப்புக்கு 0.20 என்றும் எடுத்துக்கொள்வோம். மே மாத மதியம் மாடி அறை 36 டிகிரி.

65 வாட் சிப்:
காற்றில் 36 + 19.5 = 55.5 டிகிரி
தண்ணீரில் 36 + 13 = 49 டிகிரி

200 வாட் சிப்:
காற்றில் 36 + 60 = 96 டிகிரி
தண்ணீரில் 36 + 40 = 76 டிகிரி

நம்மில் பெரும்பாலோர் வாங்குவது 65 வாட் ரகச் சிப்தான். அதற்கு 55 டிகிரியும் ஒன்றுதான், 49 டிகிரியும் ஒன்றுதான். எல்லை 95-க்கு மேல் இருக்கும்போது அந்த ஆறு டிகிரி நம் புரோகிராமை ஒரு விநாடிகூட வேகப்படுத்தாது. ஆனால் 200 வாட் சிப்பை மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டுகிறவருக்குக் கதை வேறு. காற்றுக் கூலரில் அது எல்லையைத் தொட்டு வேகம் குறையும். தண்ணீரில் 20 டிகிரி மிச்சம் இருக்கிறது. இன்னொன்றும் பாருங்கள்: அறையை ஏ.சி. போட்டு 26 டிகிரி ஆக்கினால் காற்றுக் கூலரிலேயே 200 வாட் சிப் 86 டிகிரியில் நிற்கும்.

சூத்திரத்தில் அறையின் வெப்பநிலைதான் முதலில் நிற்கிறது. அதற்குமேல் கூட்டல்தானே தவிர கழித்தல் கிடையாது. ஆகவே ரேடியேட்டர் வைத்த எந்த நீர்க்குளிர்ப்பும் சிப்பை அறையைவிட ஜில்லென்று ஆக்க முடியாது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் உலகத்திலேயே விலை உயர்ந்த ரேடியேட்டரை வைத்தாலும் 45-லிருந்துதான் எண்ண ஆரம்பிக்க வேண்டும். என் தோழியிடம் கடையில் சொன்னதற்குப் பதில் இதுதான்.

அதே போல அறையும் குளிராது. கம்ப்யூட்டர் மொத்தம் 300 வாட் வாங்கினால், காற்றுக் கூலரோ நீர்க்குளிர்ப்போ, அந்த 300 வாட்டும் அறைக்குள்தான் இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் சுமார் 100 வாட் சூடு விடுகிறது. எனவே பத்துக்குப் பத்து அறையில் மூன்று விருந்தாளிகள் கூடுதலாக உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் வழி.

"அப்போ தண்ணியில ஐஸ் போட்டா?" என்று ஒரு ஜூனியர் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பன்னீர் சோடா பாட்டிலை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததும் வெளியே முத்து முத்தாக வியர்க்கிறதல்லவா? காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. கடலோரமான நம் ஊரில் கோடையில் ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பொருளும் இப்படி வியர்க்கும். ஐஸ் தண்ணீர் ஓடும் குழாயும் வியர்க்கும், அந்த வியர்வை மதர்போர்டில் சொட்டும். ஆகவே ஐஸ் வேண்டாம். ரேடியேட்டர் முறையில் தண்ணீர் அறையைவிடக் குளிராது என்று பார்த்தோமே, அது இங்கே நமக்குப் பாதுகாப்பு. குழாய் வியர்க்கவே வியர்க்காது.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

இது தாமே இணைக்க நினைப்பவர்களுக்கு. மந்தைவெளி கடலுக்குப் பக்கம். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், பக்கெட்டில் நாலே நாளில் வெள்ளைப் படிவு. அந்தத் தண்ணீரை ஊற்றினால் வாட்டர் பிளாக்கின் மெல்லிய வாய்க்கால்கள் அடைத்துக்கொள்ளும். கேன் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அந்த டிஸ்டில்டு வாட்டர்தான் குறைந்தபட்சம். அதோடு துருத்தடுப்பும் பாசித்தடுப்பும் கலந்த கூலண்ட் சேர்ப்பது நல்லது. கண்ணாடிக் கதவு வழியாக வெளிச்சம் படுவதால், வெறும் தண்ணீரில் கொஞ்ச நாளில் பாசி பிடிக்கும்.

அடுத்தது உலோகம். முதலாண்டு வேதியியலில் மின்வேதி வரிசை படித்தோம். செம்பு +0.34 வோல்ட், அலுமினியம் −1.66 வோல்ட். இரண்டையும் ஒரே தண்ணீரில் இணைத்தால் 2 வோல்ட் வித்தியாசத்தில் ஒரு பேட்டரியே உருவாகிறது. அதில் அலுமினியம் அரித்துப் போகும். செம்பு பிளாக் வாங்கினால் செம்பு அல்லது பித்தளை ரேடியேட்டராகவே வாங்குங்கள். அடைத்து வரும் ரெடிமேட் வகைகள் பலவற்றில் செம்பும் அலுமினியமும் சேர்ந்துதான் இருக்கின்றன. துருத்தடுப்புக் கலந்த திரவத்தால் சமாளிக்கிறார்கள். லாரியிலும் இதே விதிதான். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்ற விடமாட்டார் அப்பா. காரணம் கேட்டால் மின்வேதி வரிசை சொல்லமாட்டார், "புண்ணாப் பூடும்" என்பார்.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாதே, கசிந்தால் என்ன என்றும் கேட்கலாம். போர்டில் விழுந்த நொடியில் தூசியும் உப்பும் கரைந்து அது சாதாரணத் தண்ணீராகிவிடும். ஆகவே கசிவை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இணைத்து முடித்ததும் மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வையுங்கள். பேப்பர் காய்ந்தே இருந்தால் மட்டும் அடுத்த வேலை.

ரெடிமேட் வகையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. உள்ளே எப்போதும் சிறிது காற்று இருக்கும். காற்று மேலே போகும் என்பதால் ரேடியேட்டரின் ஒரு பகுதியாவது பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்புக்குள் காற்று சிக்கி 'களக் களக்' என்று சத்தம் வரும். ரப்பர் குழாய் வழியாக ஆண்டுக்கணக்கில் மிக மெதுவாக ஈரம் வெளியேறுவதால் அதற்கு ஆயுள் ஒரு கணக்குத்தான். காற்றுக் கூலரில் கெட்டுப்போவது ஃபேன் ஒன்றுதான், அதை மாற்றிவிடலாம். மாதம் ஒரு முறை துடுப்புகளில் அடைந்த தூசியை ஊதி எடுப்பது இரண்டுக்கும் பொது.

பெரிய கணிப்பொறிகள் என்ன செய்கின்றன?

தண்ணீர் கணிப்பொறிக்குப் புதிதல்ல. நம் மந்தைவெளியிலிருந்து அடையாறு பாலத்தைத் தாண்டினால் வரும் ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி அமைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் இத்தகைய யந்திரங்களுக்குக் குளிர்சாதன அறையே தனியாகக் கட்ட வேண்டும். 1980-ல் அதே ஐ.பி.எம். அறிவித்த 3081 யந்திரத்தில் சிப்புகளின் சூட்டைத் தண்ணீர் வாங்கிப் போனது. 1985-ல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரில் சர்க்யூட்டுகளையே மின்சாரம் கடத்தாத திரவத்தில் முக்கி வைத்தார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே இன்று ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 2022 மே 25 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். இதில் நேரடித் தொடுகைத் திரவக் குளிர்ப்பு பயன்படுத்தப்படுகிறது. சிப்பின் மேலேயே உலோகத் தகடு, அதற்குள் ஓடும் திரவம். ரிச்சி ஸ்ட்ரீட் கேபினெட்டில் பார்த்த அதே தத்துவம்! அங்கே இதைத் தேர்ந்தெடுத்தது மின்செலவைக் குறைக்க. அறை முழுவதையும் ஏ.சி.யால் குளிரவைத்து, அந்தக் குளிர்ந்த காற்றால் சிப்பைக் குளிரவைப்பதைவிட, சூடு பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிப்பது சிக்கனம்.

இன்னும் ஆச்சரியம், சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் 2010-ல் ஐ.பி.எம். அமைத்த 'அக்வாசார்' கணிப்பொறி. அதைக் குளிரவைத்த தண்ணீரின் சூடு 60 டிகிரி வரை! சிப் 80-க்கு மேல் தாங்கும் என்றால் 60 டிகிரி தண்ணீரும் அதற்குக் குளிர்ச்சிதான். அந்தச் சூட்டைப் பனிக்காலத்தில் கட்டடத்தை வெதுவெதுப்பாக்கப் பயன்படுத்தினார்கள். தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டும் என்பதல்ல, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

நாலு லோடு தண்ணீர்

நண்பர்களே, இதுவரை கேபினெட்டைப் பற்றிப் பேசினோம். ஒரு கேபினெட்டில் ஓடும் தண்ணீர் ஒரு லிட்டர் சுமார். மூடிய சுற்று என்பதால் அதே தண்ணீர் திரும்பத் திரும்ப ஓடும். ஊருக்கு அதனால் நஷ்டமில்லை.

ஆனால் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் வந்துகொண்டிருக்கின்றன. நம்மில் சிலருக்கு அங்கேதான் வேலை கிடைக்கப் போகிறது. அங்கே சூட்டை இறக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நம் கேபினெட் போல மூடிய சுற்றும் ரேடியேட்டரும். மற்றொன்று கூலிங் டவர். அதில் தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டை வானத்துக்கு அனுப்புகிறார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவம்தான்.

கூலிங் டவரில் மின்செலவு குறைவு. தண்ணீர்ச் செலவு எவ்வளவு? ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2400 கிலோஜூல் வேண்டும். ஒரு மெகாவாட் சூட்டை முழுவதும் ஆவியாக்கியே இறக்கினால் மணிக்குச் சுமார் 1500 லிட்டர். ஒரு நாளைக்கு 36,000 லிட்டர். 9,000 லிட்டர் டேங்கரில் நாலு லோடு. இது ஒரே ஒரு மெகாவாட்டுக்கு.

இந்தக் கணக்கை நான் போட்டு முடித்ததும் அப்பாவிடம்தான் காட்டினேன். அவருக்கு மெகாவாட் தெரியாது, ஆனால் நாலு லோடு தெரியும். நாலு லோடுக்கு எத்தனை தெரு, எத்தனை குடம் என்று தெரியும். 2019 கோடை நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். நாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஊரே லாரிக்காகக் காத்துக் கிடந்தது. அந்த மாதங்களில் அப்பா வீட்டுக்கு வந்து தூங்கிய இரவுகள் குறைவு. கணக்கைக் கேட்டுவிட்டு, "அந்தத் தண்ணி நல்ல தண்ணியா, கழிவு சுத்தம் பண்ண தண்ணியா?" என்று கேட்டார். நான் புத்தகத்தில் தேடாத கேள்வி அது. சுத்திகரித்த கழிவுநீரைக் கூலிங் டவருக்குப் பயன்படுத்த முடியும். மூடிய சுற்றால் தண்ணீரை மிச்சப்படுத்த முடியும், ஆனால் ஃபேனுக்கு மின்சாரம் கூடும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது படித்தவர்கள் உட்காரும் மேஜையில் முடிவாகிறது. அந்த மேஜைக்கு நாமும் போகப் போகிறோம்.

தொகுப்புரை

1. தண்ணீர் சூட்டை அழிக்காது, இடம் மாற்றும். எந்த நீர்க்குளிர்ப்பைப் பார்த்தாலும் முதலில், "சூடு எங்கே இறங்குகிறது?" என்று கேளுங்கள்.

2. ரேடியேட்டர் உள்ள கேபினெட் அறையைவிடக் குளிராது. அறையையும் குளிரவைக்காது.

3. 65 வாட் சிப்புக்கு நல்ல காற்றுக் கூலர் போதும். மிச்சமாகும் பணத்தில் கூடுதல் மெமரி போட்டால் ஆட்டோகேடும் புரோகிராமும் உண்மையிலேயே வேகமாக ஓடும்.

4. 200 வாட்டும் அதற்கு மேலும் உள்ள சிப்பை மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டும் தொழில் இருந்தால் நீர்க்குளிர்ப்பு வாங்கலாம். அழகுக்காக வாங்குவதும் அவரவர் விருப்பம். ஆனால் கடன் வாங்கி வேண்டாம்.

5. தாமே இணைப்பவர்கள் டிஸ்டில்டு வாட்டர், ஒரே வகை உலோகம், ஒரு நாள் கசிவுச் சோதனை ஆகிய மூன்றையும் மறக்கக் கூடாது.

வேலைக்குப் போன இடத்தில் குளிர்ப்பு முறை பற்றி யாராவது பேசினால் தயங்காமல் கேளுங்கள்: எத்தனை மெகாவாட்? சூடு எங்கே இறங்குகிறது? அதற்கு நாளைக்கு எத்தனை லோடு தண்ணீர்? அது எந்தத் தண்ணீர்? டிப்ளமோ படித்த நமக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கவும் தெரியும், விடையைக் கணக்குப் போட்டுப் பார்க்கவும் தெரியும்.